இருண்டதெல்லாம் பேயா? – கழுத்துக் கட்டியும் கேளா ஒலியும்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழி கழுத்தில் தோன்றும் கட்டிகளின் விஷயத்தில் மிகவும் பொருந்தும். தலை வாரும்போதோ, சங்கிலி அணியும்போதோ, கண்ணாடியில் கழுத்தின் முன்புறம் ஒரு சிறு புடைப்பு தென்படுகிறது. உடனே மனத்தில் எழும் சொல் 'புற்றுநோய்' என்பதே. சிலர் அச்சத்தால் யாரிடமும் கூறாமல், சேலைத் தலைப்பாலோ தாவணியாலோ மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளுகின்றனர். வேறு சிலர் அதே அச்சத்தால், "அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதி" என்று அவசரப்படுகின்றனர். இரண்டும் தவறே.

இவ்விரு தவறுகளுக்கும் நடுவே நல்ல வழியைக் காட்டுவதுதான் கேளா ஒலிப் படம். அதாவது, நாம் 'அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்' என்று கூறும் பரிசோதனை. அது எவ்வாறு வேலை செய்கிறது? எந்தக் கட்டியை ஐயுற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று எவ்வாறு தரம் பிரிக்கிறது? அதன் எல்லை எது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி

நம் முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல் ஒரு சுரப்பி அமைந்துள்ளது. இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற வடிவம். பெரியவர்களிடம் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடை. 1656-ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குத் 'தைராய்டு' எனப் பெயரிட்டார். எனவேதான் தமிழிலும் இதனைக் 'கேடயச் சுரப்பி' என்கிறோம். உணவில் உள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய ஹார்மோன்களை உண்டாக்கி, உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் சுறுசுறுப்பையும் இது சீராக வைக்கிறது.

நம் வீடுகளில் "அவளுக்குத் தைராய்டு இருக்கிறது" என்று கூறுவதைக் கேட்டிருப்போம். தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது! அவர்கள் கூற வருவது ஹார்மோன் குறைந்தோ மிகுந்தோ போன நிலையையே. கட்டி என்பது வேறு. சுரப்பியின் ஒரு பகுதியில் மட்டும் உயிரணுக்கள் கூடிப் பெருகியோ, நீர் தேங்கியோ உருவாகும் தனி உருண்டையே கட்டி. கட்டி உள்ள பலருக்கும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். வலியும் பெரும்பாலும் இராது.

இத்தகைய கட்டிகள் மிகச் சாதாரணமானவை. பெரியவர்களில் 100 பேரின் கழுத்தைக் கையால் தடவிப் பார்த்தால், ஏறத்தாழ 5 பேரிடம் கட்டி தட்டுப்படும். அதே பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்தால், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், 100 பேரில் 19 முதல் 68 பேர் வரை ஏதேனும் ஒரு கட்டி காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், வயது ஏற ஏறவும் இவை மிகுதி. ஆராயப்படும் கட்டிகளில் புற்றாக இருப்பவை 100-க்கு ஏறத்தாழ 7 முதல் 15 வரையே. ஆகவே, நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவை தீங்கற்றவை. அந்தச் சிலவற்றைப் பலவற்றிலிருந்து பிரித்தறிவதே மருத்துவர் முன்னுள்ள கேள்வி.

ஒலியால் பார்ப்பது எப்படி?

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி அதைச் சுண்டித் தட்டிப் பார்த்தே வாங்குவார். கணீரென ஒலித்தால் நல்ல பானை. ஒலி மங்கினால் எங்கோ விரிசல். உடைக்காமலே உள்ளிருப்பதை ஒலி சொல்லிவிடுகிறது. கேளா ஒலிப் படத்தின் தத்துவமும் இதற்கு நெருங்கியதே.

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. வௌவால் இருளில் இதனை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டே வழியறிந்து பறக்கிறது. தைராய்டைப் பார்க்கும் ஸ்கேன் கருவியோ வினாடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் முதல் 1 கோடியே 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்புகிறது.

இவ்வொலி எங்கிருந்து பிறக்கிறது? 1880-இல் பிரான்சு நாட்டில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். (பியேர் கியூரி பிற்காலத்தில் மேரி கியூரி அம்மையாரை மணந்தவர்.) அத்தகைய பொருளில் மின்சாரம் பாய்ச்சினால் அது அதிரும் என்பதும் பின்னர் உறுதியாயிற்று. ஸ்கேன் நிபுணர் நம் கழுத்தில் வைத்து நகர்த்தும் கைக்கருவியில் இவ்வகைப் பொருளே உள்ளது. மின்சாரத்தால் அதிர்ந்து ஒலியை அனுப்புவதும் அதுவே. திரும்பி வரும் எதிரொலியைப் பெற்று மின்சாரமாக்குவதும் அதுவே. வாயும் செவியும் ஒன்றாயிருப்பது போல!

உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 2 செ.மீ. ஆழத்தில் உள்ள பரப்பில் பட்டுத் திரும்ப அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் 26 கூறுகள் மட்டுமே. எதிரொலி வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், அதன் வலிமையைக் கொண்டு வெளிச்சத்தையும் கணினி குறித்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகப் படம் வரைகிறது. அதிர்வு கூடினால் படம் நுட்பமாகும். ஆனால் ஒலி ஆழமாகச் செல்லாது. தைராய்டு தோலுக்கு மிக அருகில் உள்ளதால் இக்குறை இங்கே இடையூறாவதில்லை. 2, 3 மி.மீ. அளவுள்ள கட்டியும் தெரிந்துவிடும். கழுத்தில் பசைபோன்ற ஜெல்லைத் தடவுவது ஏன் எனச் சிலர் கேட்பர். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே செல்லாது திரும்பிவிடும். அதைத் தடுக்கவே ஜெல்.

தொடக்கத்தில் இவ்வகைக் கருவிகள் தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்விரிசலைக் காணவே பயன்பட்டன. அவற்றை மனித உடலில் பயன்படுத்திப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்டு. வயிற்றில் அறுக்க இயலாத புற்றுநோய் எனக் கருதப்பட்ட ஒரு பெண்ணை அவர் சோதித்தபோது, அது பெரியதொரு நீர்க்கட்டியே என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சையால் அப்பெண் பிழைத்தார். 1958-இல் டொனால்டும் அவருடைய துணைவர்களும் தங்கள் ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இம்முறையில் எக்ஸ்-ரே கதிர் இல்லை, வலி இல்லை. எனவே குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும்கூட அஞ்சாமல் செய்யலாம்.

நிபுணர் எதைத் தேடுகிறார்?

திரையில் தெரிவது கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நிறங்களே. நலமான தைராய்டு ஒரே சீரான வெளிர் சாம்பல் நிறத்தில் தோன்றும். அதனுள் கட்டி தென்பட்டால் நிபுணர் ஐந்து கேள்விகளைக் கேட்கிறார்.

முதலாவது, உள்ளே இருப்பது என்ன? நீர் மட்டுமே எனில் பெரும்பாலும் தீங்கில்லை. கடற்பஞ்சு போல் நுண்ணிய அறைகள் நிறைந்திருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. முழுவதும் திடமானதே கவனத்திற்குரியது.

இரண்டாவது, எவ்வளவு இருண்டுள்ளது? இங்கேதான் நம் பழமொழி நினைவுக்கு வருகிறது. நீர் எதிரொலி எழுப்பாததால் அது முழுக் கறுப்பாகத் தெரியும்; ஆனால் அதுதான் தீங்கற்றது! மாறாக, திடமான கட்டி சுற்றியுள்ள சுரப்பியைவிட மங்கி இருண்டிருந்தால் ஐயம் கூடுகிறது. கழுத்துத் தசையைவிடவும் இருண்டிருந்தால் மேலும் கூடுகிறது. இருண்டதெல்லாம் பேய் அல்ல. எது இருண்டுள்ளது என்று அறிய வேண்டும்.

மூன்றாவது, வடிவம் எப்படி? கழுத்தின் குறுக்கு வெட்டுப் படத்தில், அகலத்தைவிட முன்பின் உயரம் மிகுந்த கட்டி ஐயத்திற்குரியது. தீங்கற்ற கட்டி பெரும்பாலும் திசுவின் போக்கிலேயே படுத்து வளரும். புற்றோ திசு அடுக்குகளை ஊடுருவி, நிமிர்ந்து வளரக்கூடும்.

நான்காவது, விளிம்பு எப்படி? வழவழப்பான கரை நல்ல அறிகுறி. கரை பிசிறு பிசிறாகவும் கோணல்மாணலாகவும் இருந்தாலோ, சுரப்பியின் எல்லையைத் தாண்டிச் சென்றாலோ எச்சரிக்கை தேவை.

ஐந்தாவது, உள்ளே வெண்புள்ளிகள் உண்டா? குண்டூசி முனை போன்ற நுண்ணிய வெண்புள்ளிகள் சுண்ணாம்புத் துகள்களாக இருக்கலாம். தைராய்டு புற்றுகளில் மிகுதியாகக் காணப்படும் 'பாப்பில்லரி' வகையில் இத்தகைய துகள்கள் உண்டாவதுண்டு. ஆனால் வால்மீன் போல் பின்னே நீண்ட வாலுடன் தெரியும் பெரிய வெண்புள்ளி, கட்டிக்குள் உறைந்த கூழ்ப்பொருளால் தோன்றுவது, அது தீங்கற்றது.

இவற்றோடு, கழுத்தின் இருபுறமும் உள்ள நிணநீர் முடிச்சுகளில் நெறி கட்டியுள்ளதா என்பதையும் பார்ப்பது வழக்கம்.

குறைந்த மதிப்பெண்ணே மகிழ்ச்சி

ஒரே படத்தை இரு நிபுணர்கள் பார்த்து இருவேறு கருத்துக் கூறினால் நோயாளி என் செய்வார்? இக்குழப்பத்தைக் குறைக்க நாடுதோறும் அறிஞர்கள் தர அட்டவணைகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட 'டை-ராட்ஸ்' முறை. இதில் மேற்கூறிய ஐந்து கேள்விகளுக்கும் மதிப்பெண் உண்டு. தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஏங்கும் நாம், இங்கே மட்டும் பூஜ்யம் கிடைத்தால் மகிழ வேண்டும்!

மொத்தம் 0 எனில் முதல் வகை. 2 எனில் இரண்டாம் வகை. இவ்விரண்டுக்கும் ஊசிப் பரிசோதனை வேண்டாம். 3 எனில் மூன்றாம் வகை, 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் ஊசிப் பரிசோதனை. 4 முதல் 6 வரை நான்காம் வகை; 1.5 செ.மீ. முதல் பரிசோதனை. 7-உம் அதற்கு மேலும் ஐந்தாம் வகை, 1 செ.மீ. முதலே பரிசோதனை. அளவு இவற்றைவிடச் சிறிதாயின், வகைக்கேற்ப சில ஆண்டுகளுக்கு மீண்டும் ஸ்கேன் செய்து கண்காணிப்பர். மிகச் சிறியவற்றை அப்படியே விட்டுவிடுவர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முதல் பெண்ணின் கழுத்தில் 3 செ.மீ. அளவுள்ள கட்டி; பார்த்தவுடன் தெரிகிறது; ஊரே விசாரிக்கிறது. ஸ்கேனில் அது கடற்பஞ்சு போன்றது. மதிப்பெண் 0. ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். இரண்டாம் பெண்ணின் கட்டி 1.2 செ.மீ. மட்டுமே, கைக்குக்கூட அரிதாகவே தட்டுப்படுகிறது. ஸ்கேனில் அது திடமானது (2), சுரப்பியைவிட இருண்டது (2), அகலத்தைவிட உயரமானது (3), வழவழப்பான கரை உடையது (0), நுண்ணிய வெண்புள்ளிகள் கொண்டது (3). மொத்தம் 10. இவருக்கு உடனே ஊசிப் பரிசோதனை தேவை. பெரிய கட்டி கெட்டது, சிறிய கட்டி நல்லது என்ற நம் கணக்கு எவ்வளவு தவறானது பாருங்கள்!

படம் தீர்ப்பு அன்று

ஐந்தாம் வகையாயினும் அது புற்று என்று பொருள் அன்று. இம்முறையை வகுத்தோர் ஆராய்ந்த கட்டிகளில், ஐந்தாம் வகையிலும் 100-க்கு ஏறத்தாழ 35 மட்டுமே புற்றாக இருந்தன. முதல் வகையில் இது 1-க்கும் குறைவு. ஆகவே படம் ஐயத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், தீர்ப்புக் கூறாது.

உறுதியை நாடும்போது, மிக மெல்லிய ஊசி ஒன்றை, ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை எடுப்பர். பெரும்பாலும் மயக்க மருந்தின்றியே சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். "ஊசி குத்தினால் கட்டி கோபித்துக்கொண்டு பரவிவிடும்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இவ்வச்சத்தால் பரிசோதனையைத் தவிர்ப்பது சரியன்று. இம்மெல்லிய ஊசியால் அத்தகைய பரவல் நேர்வது மிக மிக அரிது. எடுத்த உயிரணுக்களை நுண்நோக்கியில் ஆராய்ந்து, 'பெதஸ்தா' எனப்படும் முறைப்படி ஆறு பிரிவுகளில் ஒன்றில் சேர்ப்பர். இதனுடன் இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவையும் பார்ப்பர். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியே முடிவெடுப்பது முறை.

தென் கொரியா கற்ற பாடம்

அப்படியானால், எல்லாரும் கழுத்தை ஸ்கேன் செய்துகொண்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். தென் கொரியாவில் ஏறத்தாழ அவ்வாறே நடந்தது. அந்நாட்டு அரசு 1999-இல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அத்திட்டத்தில் இல்லை. எனினும் சிறு கட்டணத்துக்கு அதையும் சேர்த்துச் செய்துகொள்ளும் வழக்கம் பரவியது. விளைவு என்ன? 2011-இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட வீதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு! அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் புற்றுநோயாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். ஆனால் இந்நோயால் ஆண்டுதோறும் இறப்போர் தொகை முன்போலவே 300-க்கும் 400-க்கும் இடையிலேயே இருந்தது.

அத்தனை பேரைக் கண்டுபிடித்தும் இறப்பு ஏன் குறையவில்லை? கண்டுபிடிக்கப்பட்டவற்றில் மிகப் பல, ஆயுள் முழுதும் தீங்கு செய்யாது உறங்கிக் கிடந்திருக்கும் நுண்புற்றுகளே. 1985-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை நுணுக்கமாக வெட்டிப் பார்த்தபோது, 36 பேரிடம் சிறு பாப்பில்லரி புற்று இருந்தது. அவர்கள் அதனோடு வாழ்ந்தனர், அதனால் இறக்கவில்லை.

கொரியாவில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ அனைவருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. பெரும்பாலோருக்குச் சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டது. முழுச் சுரப்பியையும் இழந்தவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டும். அறுவை செய்துகொண்டோரில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்கு அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் பழுதுபட்டு, உடலின் கால்சியம் குறைந்தது. 100-க்கு 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. பாடும் குரலையோ பாடம் நடத்தும் குரலையோ தேவையற்ற அறுவையால் இழப்பது சிறிய இழப்பா? 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி இதனை எடுத்துரைத்தனர். அடுத்த ஓராண்டில் தைராய்டு அறுவைகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன. 2017-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும், அறிகுறி ஏதுமில்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றைத் தேடிப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

கோபே நகரின் பொறுமை

ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனை, அகிரா மியாவுச்சி என்ற மருத்துவரின் யோசனைப்படி, 1993-லேயே வேறொரு வழியை மேற்கொண்டது. 1 செ.மீ.க்கு உட்பட்ட, பரவாத புற்று என ஊசிப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு உடனே அறுக்காமல், குறித்த காலத்தில் ஸ்கேன் செய்து கண்காணித்தனர். வளர்ந்தால் மட்டுமே அறுவை. 1,235 பேரைப் பற்றி 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்தாண்டில் 100-க்கு ஏறத்தாழ 8 பேருக்கே புற்று 3 மி.மீ. அளவு வளர்ந்தது. தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. வளர்ந்தபின் அறுவை செய்துகொண்டவர்களும் நலமாகவே இருந்தனர். கொரியாவில் அறுவைக்கு அழைத்த அதே ஸ்கேன், கோபேயில் பொறுத்திருக்கத் துணைநின்றது. கருவி ஒன்றே, பயன்படுத்தும் மனிதரின் அறிவே வேறு.

மாணவியருக்கும் தாய்மார்களுக்கும்

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டியுள்ளது. மேற்கூறிய மதிப்பெண் அட்டவணையும் கோபே முறையும் பெரியவர்களுக்கானவை. நம் வயதுப் பிள்ளைகளிடம் தைராய்டு கட்டி அரிது. ஆனால் வந்துவிட்டால், அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். ஏறத்தாழ நான்கில் ஒன்று எனலாம். எனவே "சின்னப் பெண்தானே, தானே கரைந்துவிடும்" என்று காலம் தாழ்த்தல் ஆகாது. அதேவேளை, மனம் தளரவும் தேவையில்லை. இளவயதில் வரும் தைராய்டு புற்றுக்கு உரிய சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்து நீண்ட நாள் வாழ்கின்றனர்.

ஐயம் எழுந்தால் கண்ணாடி முன் நின்று, கழுத்தைச் சற்றே நிமிர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது புடைப்பும் மேலெழுந்து இறங்கினால் அது தைராய்டைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். கட்டி கல்போல் இறுகியிருந்தாலும், விரைவில் பெரிதானாலும், குரல் கம்மி வாரக்கணக்கில் தெளியாமல் இருந்தாலும், விழுங்க இடர்ப்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவரும் அதை மறவாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

தாய்மார்களே! கழுத்தில் கட்டி உள்ள பெண்ணுக்கு வரன் அமையாதோ என்ற கவலையில் அதை மறைக்கச் சொல்லாதீர்கள். மறைத்த கட்டி மறைந்துவிடுவதில்லை. ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும், "இது எந்த வகை? ஊசிப் பரிசோதனை தேவையா? கண்காணித்தால் போதுமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அறுவை என்று கூறப்பட்டால், "ஏன்? பாதி நீக்கினால் போதாதா?" என்று கேட்பதும் நம் உரிமையே.

அச்சம் இருவகைக் கேடு செய்கிறது: ஒருவரை ஒளிய வைக்கிறது, மற்றொருவரை ஓட வைக்கிறது. கேளா ஒலி நமக்குக் கேட்பதில்லை. ஆயினும் கேட்கத் தெரிந்தவரிடம் அது உண்மையைப் பேசுகிறது. அதைப் பொறுமையாகக் கேட்டு, தெளிந்து, பின் செயலாற்றுவோம். இருட்டைக் கண்டு அரளாமல் விளக்கேற்றிப் பார்ப்பதற்கே கல்வி கற்கிறோம் அல்லவா?